பாட்டியைப் ‘போ’ என்றாளா அந்தப் பெண்?

சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே வாட்ஸ்அப் படங்கள், ரசீது, மெனுவின் புகைப்படம் எல்லாம் வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவர் மகள் மணக்கப்போவது ஒரு பிலிப்பினோ இளைஞரை. இருவரும் தாதியர், ஒரே மருத்துவமனையில் வேலை. பையனின் பெற்றோர் அடுத்த மாதம் பிலிப்பீன்ஸின் பத்தாங்காஸிலிருந்து வருகிறார்கள். சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டை நாமும் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்ப்போமே என்று நினைத்து, மாமியாரின் 78ஆவது பிறந்தநாளுக்கு ஒரு பிலிப்பினோ உணவகத்தில் ஒன்பது பேருக்கு முன்பதிவு செய்தார். முன்பணம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மகளுக்கும் பையனுக்கும் அன்று இரவு வேலை, வரவில்லை.

மாட்டிறைச்சி எதிலும் கூடாது, மாமியாருக்கு இறைச்சி, மீன், முட்டை இல்லாத இரண்டு உணவு வேண்டும் என்று மூன்று நாள் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். சரி என்று பதிலும் வந்திருக்கிறது. அன்று 7 மணி மேசை 7.40க்குத்தான் கிடைத்தது. மாமியாருக்கு வந்த ‘பினக்பெட்’ என்ற காய்கறிக் குழம்பில் இறால் விழுது இருப்பது, அவர் பாதி சாப்பிட்ட பிறகு தெரிந்தது. அந்தக் களேபரத்தில், கணவர் மெனுவைப் பார்த்துத் தனியாகச் சொன்ன ‘கரே-கரே’யில் மாட்டுவால் இருப்பதும் தெரிந்தது. பணிப்பெண் ஓடி வந்து மாமியாரைப் பார்த்து “ஸாரி, போ” என்றாராம். மேலாளர் கரே-கரேயின் விலையைக் கழித்து, இலவசமாக ஓர் இனிப்பும் தருவதாகச் சொன்னார். இவர் மறுத்துவிட்டு, முழுத் தொகையையும் கட்டிவிட்டு வந்தார்.

வீடு திரும்பியதும் இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதினார். இந்துக்கள் என்று தெரிந்தே மாட்டிறைச்சி கொடுத்தார்கள், அடுக்களை அசுத்தம், சேவைக் கட்டணம் என்ற பெயரில் மோசடி, வயதானவரை ‘போ’ என்று விரட்டிய பெண் இவர்தான் என்று அந்தப் பெண்ணின் முகப்படமும் போட்டார். அதை ஏழு நாளில் நீக்காவிட்டால் வழக்கறிஞரிடம் போவோம் என்று உணவகத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. கணவர் உடனே அழிக்கச் சொல்கிறார். கொழுந்தனார் மன உளைச்சலுக்கு 20,000 வெள்ளி கேட்டு வழக்குப் போடச் சொல்கிறார். மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது, அதற்கு எழுத்தில் ஆதாரமும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் என்னிடம் ஆதாரம் இல்லாமல்தான் வருவார்கள். ஆனால் நீங்கள் எழுதிய விமர்சனம் அந்த நல்ல குறையை மூலையில் தள்ளிவிட்டு, நிரூபிக்க முடியாத நாலு விஷயங்களை முன்னால் நிறுத்தியிருக்கிறது. அதில் ஒன்று வெறும் தவறான புரிதல். அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

அந்தப் ‘போ’

பிலிப்பினோக்கள் பேசும் தகலோக் மொழியில் ‘போ’ என்பது மரியாதைச் சொல். நாம் ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்னும்போது கடைசியில் வரும் ‘ங்க’ போல. வயதில் மூத்தவரிடமும் வாடிக்கையாளரிடமும் பேசும்போது வாக்கியத்தில் எங்காவது ஒரு ‘போ’ வந்துவிடும். ஆமாம் என்பதை மரியாதையாகச் சொன்னால் ‘ஓப்போ’. ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசாவில் பத்து நிமிடம் காது கொடுத்து நின்றால் நூறு ‘போ’ கேட்கும். ஆங்கிலத்தில் பேசும்போதும் அது அவர்களுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும், நம் ஆட்கள் ஆங்கிலத்தோடு ‘லா’ சேர்ப்பது மாதிரி. உங்கள் மாமியாரிடம் அந்தப் பெண் சொன்னது “மன்னிச்சுக்கோங்க பாட்டி” என்பதற்குச் சமம்.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தை மறுபடி பாருங்கள். மூன்று நாள் முன்பு உணவகம் உங்களுக்கு எழுதிய பதில்: “நோட்டட் போ, மேடம்.” நீங்கள் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்திருப்பீர்கள்.

கடிதத்தின் ஓரத்தில், மாமியார் காரில் வரும்போது “பாவம், அந்தப் புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நாலு பக்கத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். ஒருவரை விரட்டிக்கொண்டே யாரும் கண் கலங்க மாட்டார்கள். உங்கள் மகள் ஏன் பேசவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கலாம். அவள் தினமும் கேட்கிற சொல் இது.

பணம்: எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

மூன்று விஷயங்களைக் கலந்துவிட்டீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

பினக்பெட் உங்கள் வலுவான இடம். இது இலோகோஸ் பகுதிச் சமையல். பாகற்காய், கத்திரிக்காய், வெண்டை, பூசணி எல்லாம் நம் வீட்டுக் காய்கள், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அதற்கு உப்பும் மணமும் தருவது ‘பகூங்’ எனப்படும் ஊறவைத்த மீன் அல்லது இறால் விழுது. அவர்கள் சமையலில் காய்கறி உணவு என்றால் காய் முக்கியமான உணவு என்றுதான் பொருள், சைவம் என்று பொருள் இல்லை. வெள்ளிக்கிழமை இறைச்சியை ஒதுக்கும் கத்தோலிக்கர்கள் அன்று பச்சைப்பயறு வேகவைத்துச் சாப்பிடுவார்கள், அதிலும் கருவாடோ இறாலோ போடுவது சகஜம். மீனும் இறாலும் அவர்கள் விரதத்தை முறிக்காது. சமையல்காரர் விழுதை மீன் கணக்கில் சேர்க்காமல், நாம் பெருங்காயம் போடுகிற மாதிரி போட்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். இது விளக்கம்தானே தவிர மன்னிப்பு இல்லை. நீங்கள் இறைச்சி, மீன், முட்டை மூன்றும் கூடாது என்று எழுதினீர்கள், அவர்கள் சரி என்றார்கள். சொன்ன தன்மையில் உணவு வரவில்லை, ஒப்பந்தம் மீறப்பட்டது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின் கீழும், வாங்குபவரைத் தவறாக நம்ப வைக்கும் செயல் என்று இதை வாதிடலாம். அதற்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

கரே-கரே அவ்வளவு வலுவில்லை. நீங்கள் அனுப்பிய மெனுப் படத்தில் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், மாட்டுவால் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. கணவர் கண்ணாடி எடுத்து வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயரைப் பார்த்து ஏதோ கறிவகை என்று நினைத்தாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1762இல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை சென்னையிலிருந்துதான் கிளம்பியது. அதில் போன சிப்பாய்களில் சிலர் கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அவர்கள் வைத்த கறியிலிருந்துதான் கரே-கரே பிறந்தது என்று ஒரு கதை அங்கே உண்டு. கதை எப்படியோ, இன்றைய கரே-கரே வேர்க்கடலைச் சாற்றில் மாட்டுவால் வேகவைத்தது. “எங்கள் மேசைக்கு மாட்டிறைச்சி கூடாது என்று சொல்லியிருந்தோமே, ஆர்டர் எடுக்கும்போது ஏன் எச்சரிக்கவில்லை?” என்று நீங்கள் கேட்கலாம், நல்ல கேள்வி. “மெனுவில் எழுதியிருந்தது, நீங்களே கேட்டீர்கள்” என்று அவர்களும் சொல்லலாம், அதுவும் நல்ல பதில். ஆனால் தெரிந்தே கொடுத்தார்கள் என்று சொல்ல இதில் இடமே இல்லை. மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம் என்று போலீசுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்து, வேண்டுமென்று செய்ததாகக் காட்டாமல் அது நிற்காது. போக வேண்டாம்.

சேவைக் கட்டணம் மோசடி இல்லை. உணவின் விலை 430 வெள்ளி. அதன் மேல் பத்து விழுக்காடு 43 வெள்ளி, ஆக 473. அந்தக் கூட்டுத்தொகையின் மேல் ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி, 42 வெள்ளி 57 காசு. மொத்தம் 515 வெள்ளி 57 காசு, முன்பணம் கழித்தால் நீங்கள் கட்டிய 415 வெள்ளி 57 காசு. கணக்கு சரியாகவே இருக்கிறது. கட்டணத்துக்கு மேலும் வரி போடுகிறார்களே என்று கோபப்பட்டிருக்கிறீர்கள், அதுதான் முறை. மெனுவின் அடியில் ‘பிளஸ் பிளஸ்’ போட்டிருப்பதன் அர்த்தமும் இதுதான். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் விலையை ஜிஎஸ்டி சேர்க்காமல் காட்டலாம், அதைத் தெளிவாக அறிவித்திருந்தால் போதும். சேவை மோசமாக இருந்ததால் அதைத் தானாகவே கட்டாமல் விடும் உரிமை உங்களுக்கு இல்லை. எடுத்துவிடுங்கள் என்று கேட்கலாம், பல இடங்களில் எடுத்தும்விடுவார்கள். அந்தக் கட்டணம் அப்படியே பணியாளர் கைக்குப் போகிறது என்றும் நினைக்காதீர்கள். பிலிப்பீன்ஸில் 2019இல் வந்த சட்டப்படி மேலாளர்களைத் தவிர்த்த ஊழியர்களுக்கு அது முழுதும் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை.

ஆகவே நான் கேட்கச் சொல்வது இதுதான். மாமியாருக்கென்று வாங்கிய இரண்டு உணவு 38 வெள்ளி, கரே-கரே 32 வெள்ளி, ஆக 70. அவற்றின் பங்குக்கு வந்த சேவைக் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 83 வெள்ளி 93 காசு. இரண்டாவது சைவ உணவை மாமியார் தொடவே இல்லை என்கிறீர்கள். முதல் தட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு யார்தான் தொடுவார்கள்? அதையும் கேட்பது தப்பில்லை. நாற்பது நிமிடம் காத்திருந்ததற்கு மீதிச் சேவைக் கட்டணத்தையும் விட்டுத்தரச் சொல்லிப் பாருங்கள். அது சலுகை, உரிமை இல்லை.

கொழுந்தனாரின் 20,000 வெள்ளி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஒருவர் கேட்கக்கூடிய உச்சத் தொகை அது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. உச்ச வரம்பை யாரோ விலைப்பட்டியல் என்று நினைத்துவிட்டார்கள். ஒப்பந்தம் மீறியதால் வந்த மனவருத்தத்துக்குப் பணம் கிடைப்பது அரிது. மகிழ்ச்சியைத் தருவதற்காகவே செய்த ஒப்பந்தம், விடுமுறைப் பயணம் மாதிரி, பாழாகும்போது நீதிமன்றங்கள் ஏதாவது கொடுத்ததுண்டு. பிறந்தநாள் விருந்தையும் அதில் சேர்க்க வாதிடலாம். கிடைத்தாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். மாமியாருக்கு இறால் ஒவ்வாமை இருந்து மருத்துவமனைக்குப் போயிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

உணவகம் மசியவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதை எல்லோரும் ‘கேஸ்’ என்பதால் வழக்குப் போடுவது என்று நினைக்க வேண்டாம், அவர்கள் சமரசம்தான் பேசுவார்கள். அதற்குப் பிறகுதான் நடுவர் மன்றம். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்குள் கேட்கும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். 84 வெள்ளிக்காக அவ்வளவு தூரம் போக வேண்டி வராது என்றுதான் எனக்குப் படுகிறது, ஏனென்றால் மேலாளர் அன்றைக்கே பாதி இறங்கி வந்துவிட்டார்.

அந்த விமர்சனம்

உங்களுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். உணவகம் அனுப்பியது நீதிமன்ற ஓலை இல்லை, ஏழு நாள் என்பதும் அவர்களாக வைத்த கெடு. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

முதல் வேலை, இதைப் படித்த உடனே அந்தப் பெண்ணின் படத்தை எடுத்துவிடுங்கள். 2020 முதல், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில், ஒருவரின் அடையாளத் தகவலை அவரைத் துன்புறுத்தும் நோக்கில் வெளியிடுவதும் குற்றம். முகப்படமும் அடையாளத் தகவல்தான். தண்டனை 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்களுக்கு அப்படி நோக்கம் இருந்ததா என்பது வாதத்துக்குரியது. ஆனால் படத்துக்குக் கீழே ‘இவளை எங்கே பார்த்தாலும் கேளுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே. அந்த வரியை நான் எதிர்த்தரப்பு வழக்கறிஞராக இருந்தால் ஃபிரேம் போட்டு மாட்டி வைப்பேன்.

அடுத்தது அவதூறு. உண்மையைச் சொன்னேன் என்பது முழு எதிர்வாதம், ஆனால் உண்மை என்று நிரூபிக்க வேண்டியவர் எழுதியவர், அதாவது நீங்கள். நேர்மையான கருத்துக்கும் பாதுகாப்பு உண்டு, அந்தக் கருத்து உண்மையான சம்பவத்தின் மேல் நிற்க வேண்டும். இந்த அளவுகோலில் உங்கள் வரிகளைப் பாருங்கள்.

‘சூப் கெட்டுப்போன ரசம் மாதிரி இருந்தது’: கருத்து. தாராளமாக வைத்திருக்கலாம். (சினிகாங் புளி போட்ட சூப், புளிக்கத்தான் செய்யும். பிடிக்காமல் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு.)

‘அடுக்களை அசுத்தம்’: நீங்கள் அடுக்களையைப் பார்க்கவே இல்லை. எடுத்துவிடுங்கள். கரப்பான் பூச்சியைக் கண்ணால் கண்டிருந்தால் சிங்கப்பூர் உணவு அமைப்புக்குப் புகார் செய்யலாம்.

‘தெரிந்தே கொடுத்தார்கள்’, ‘மோசடி’, ‘போ என்று விரட்டினாள்’: மூன்றும் போக வேண்டும்.

கணவர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் அழித்துவிடலாம், பாதுகாப்பான வழிதான். ஆனால் அடுத்து ஒரு சைவக்காரர் அங்கே போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி உங்களிடம் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி மாற்றி எழுதுவேன்:

“ஒன்பது பேருக்கு முன்பதிவு செய்தோம். மாட்டிறைச்சி வேண்டாம், இரண்டு உணவு முழுச் சைவம் என்று எழுதிக் கேட்டோம், சரி என்றார்கள். வந்த காய்கறிக் குழம்பில் இறால் விழுது இருந்தது, சாப்பிட்டவர் 78 வயதுச் சைவக்காரர். மேசைக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தோம். மேலாளர் ஓர் உணவின் விலையைக் கழிக்க முன்வந்தார், எங்களுக்கு அது போதவில்லை. எங்கள் முந்தைய விமர்சனத்தில் ஒரு பணியாளரைப் பற்றி எழுதியது எங்கள் தவறான புரிதல், அதற்கு வருந்துகிறோம்.”

கடைசி வரியைச் சேர்ப்பது வெறும் நாகரிகத்துக்காக இல்லை. பழைய விமர்சனத்தை யாராவது படம் எடுத்து வைத்திருப்பார்கள். சீக்கிரம் திருத்தி வருத்தம் தெரிவித்தால், பின்னால் வழக்கே வந்தாலும் இழப்பீடு குறையும். உணவகத்துக்கு அனுப்பும் பதிலில் இரண்டே செய்தி போதும்: விமர்சனத்தைத் திருத்திவிட்டோம், 83 வெள்ளி 93 காசைத் திருப்பித் தாருங்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று பேரமாக்காதீர்கள். பணம் தந்தால் நீக்குகிறேன் என்று எழுதிவிட்டால் மிரட்டல் போலத் தோன்றும். பழைய வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் அழிக்காதீர்கள்.

சம்பந்தி வரும்போது

இது சட்டக் கேள்வி இல்லை, ஆனால் நாலாம் பக்கம் முழுக்க இதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பத்தாங்காஸ்காரர்களின் பெருமையே ‘புலாலோ’ என்ற சூப். பெயரிலேயே நமக்கு எச்சரிக்கை இருக்கிறது, மாட்டுக்கால் எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைப்பது. அவர்கள் ஆசையாக அதைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டால் போதும், சாப்பிட வேண்டியதில்லை.

வெளியில் விருந்து வைப்பதானால் ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பாமல் பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். பகூங் கூடாது, ‘பாத்திஸ்’ என்கிற மீன் சாறு கூடாது, சிப்பிச் சாறு கூடாது, பன்றிக் கொழுப்பு கூடாது. முன்பதிவில் எழுதினாலும் மேசையில் உட்கார்ந்ததும் ஆர்டர் எடுப்பவரிடம் அந்தச் செய்தியைக் காட்டுங்கள். அன்று உங்கள் செய்தி கைத்தொலைபேசியிலேயே தங்கிவிட்டது, அடுக்களைக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதில் உங்களுக்கு உதவ வீட்டிலேயே ஆள் இருக்கிறார். வருங்கால மருமகனிடமே பட்டியலைத் தகலோக்கில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாமியார் அந்தப் பெண்ணை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்கிறாராம். சட்டப்படி தேவையில்லை, தடையும் இல்லை. உணவகத்துக்குச் சொல்லிவிட்டு, கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் போங்கள். கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.